இரண்டு லெட்சுமிக்கும் ஒரே பிடித்தம்

அம்மன் காலைப் பிடித்துக்கொண்டு நாளை ஓட்டுகிறவர்களுக்காக இதை எழுதுகிறேன். எனக்கு எழுத்து அவ்வளவாக வராது. மெதுவாகத்தான் எழுதுவேன், பொறுத்துக்கொள்ளுங்கள்.

எண்பதுகளில் ஒரு தீபாவளி முடிந்த வாரம். மலேசியாவில் சுங்கை வே தொழிற்சாலையில் என் வலது கை இயந்திரத்தில் மாட்டி நசுங்கியது. மாதக்கணக்கில் வேலைக்குப் போகக் கூடாது என்றார் டாக்டர். கணவர் இல்லை, பிள்ளையும் இல்லை. விபத்துக் காப்புறுதிக்கென்று மாதாமாதம் சம்பளத்தில் பிடித்தார்களே, அது கைகொடுக்கும் என்று நம்பியிருந்தேன்.

ஆபீஸில் சம்பளக் கணக்கெழுதும் கிராணியம்மா கையை விரித்துவிட்டார். "ஆன்டி, உங்க பேர்ல ஒன்னுமே கட்டல லா."

அன்று அழுத அழுகை எனக்குத்தான் தெரியும். கிள்ளானில் தம்பி வீட்டுக்குப் போனால் சோறு கிடைக்கும். தம்பி மனைவியின் முகத்தைப் பார்த்துக்கொண்டே அதைச் சாப்பிட வேண்டும். அதற்குச் செத்துப்போகலாம்.

தொழிற்சாலையில் இன்னொரு லெட்சுமி இருந்தாள். என் பெயரேதான் அவளுக்கும். எனக்குப் பிறகு வந்தவளை லைன் லீடர் ஆக்கினார்கள். புருஷன் மோட்டார் சைக்கிளில் கொண்டுவந்து விடுவான். அவள் சிரித்தாலே எனக்கு வயிறு எரியும்.

வெள்ளிக்கிழமை அம்மன் முன்னால் நின்றேன். "அவளுக்கு எல்லாம் கொடுத்தியே தாயே. எனக்கு நான் உழைச்சதையாவது கொடு."

மறுநாள் காலை என் வாசலில் அந்த லெட்சுமியே நிற்கிறாள்.

"என்ன, கை போன அழகைப் பாக்க வந்தியா?"

"சண்டைய அப்புறம் வச்சுக்கலாம்க்கா. ஆபீஸ்ல சொன்னதைக் கேள்விப்பட்டேன். உங்க அப்பா பேரு என்ன?"

"முனியாண்டி. எதுக்கு?"

"எங்க அப்பாவும் முனியாண்டிதான். பேரும் அப்பா பேரும் ஒன்னா இருக்கவும் கிராணி ஒரே ஆளுன்னு நெனச்சிருப்பாங்க. உங்க சம்பளப் பிடித்தமும் என் பேர்லதான் போயிருக்கும். ஐசிய எடுங்க, போலாம்."

இரண்டு அடையாள அட்டையையும் கிராணி மேசையில் அவளே வைத்தாள். "பாருங்க மிஸ், நாங்க ரெண்டு பேரு. வாய் பெருசா இருக்கிறவங்கதான் இவங்க."

சரிபார்த்த கிராணியம்மா நாக்கைக் கடித்துக்கொண்டார். என்னிடம் பிடித்ததெல்லாம் என் பெயருக்கு மாறியது. கை ஆறும்வரை மாதாமாதம் உதவித்தொகை வந்தது. தம்பி வீட்டுப் படியை நான் மிதிக்கவில்லை.

இப்போது கோவிலில் இருவரும் பக்கத்தில் பக்கத்தில்தான் நிற்கிறோம். பொறாமை போய்விட்டதா என்றால், இல்லை. என் வேண்டுதலுக்குப் பதில் கொண்டுவர அம்மன் அவளைத்தானே பிடித்தாள்? அதற்கும் வயிறு எரிகிறது. முன்பெல்லாம் அதை மனசுக்குள்ளேயே வைத்துப் புழுங்குவேன். இப்போது அதையும் அம்மனிடமே சொல்லிவிடுகிறேன்.

நீங்களும் மனசில் இருப்பதை இருக்கிறபடி சொல்லிக் கேளுங்கள். தருவாள். யார் கையில் கொடுத்து அனுப்புவாள் என்பதை மட்டும் அவளிடமே விட்டுவிடுங்கள்.