அட்டை பீரோவுக்குள்ளே, சாவி எங்கேயோ

கள்ளக்குறிச்சி பஸ் ஸ்டாண்டுக்குப் பக்கத்தில் சாவி போட்டுக் கொடுப்பது என் தொழில். சிரித்த முகத்தோடு என் கடைக்கு வந்தவர்கள் ரொம்பக் கம்மி. உங்களுக்கும் இது தெரிந்திருக்கும். பாதி வழியில் பையைத் தடவிப் பார்த்து, வந்த வழியே தரையைப் பார்த்துக்கொண்டு திரும்பி நடந்திருப்பீர்கள். சாவி போனால் என்னிடம் வரலாம். ஆதாரும் ரேஷன் கார்டும் போனால் எங்கெங்கே அலைய வேண்டும் என்பதையும் இந்தத் தொழில்தான் எனக்குச் சொல்லிக்கொடுத்தது. முக்கால்வாசிப் பேர் அட்டைகளை வைத்திருப்பது பூட்டிய பீரோவுக்குள்தானே!

அடையாளம் கேட்காத காலம்

தொழிலுக்கு வந்த புதிதில் ஒருவர், "தியாகதுருகத்துல நம்ம வூடுதான், சாவி தொலைஞ்சி போச்சு, வந்து தொறந்து குடுங்க" என்று என்னை பைக்கில் ஏற்றிக்கொண்டு போனார். வாசல் பூட்டையும் பீரோவையும் திறந்து கொடுத்தேன். யார், என்ன என்று ஒரு வார்த்தை கேட்கவில்லை.

இரண்டு நாள் கழித்து ஒரு பெண் கடைக்கு வந்தாள். அந்த வீடு அவளுடையது. புருஷன் இறந்து மூன்று மாதம். அவள் கரும்பு வெட்டப் போயிருந்த நேரம் பார்த்து என்னைக் கூட்டிப்போனவர் புருஷனுடைய அண்ணன். வீட்டுப் பட்டா, அவளுடைய ஆதார், ரேஷன் கார்டு எல்லாவற்றையும் எடுத்துக்கொண்டு போய்விட்டார். ஸ்டேஷனுக்குப் போனால், "நீதான் அந்த வூட்டுக்காரின்றதுக்கு இன்னா அத்தாட்சி?" என்று கேட்டார்களாம். அவள் என்னைத் திட்டவில்லை. கடையில் தொங்கிய பூட்டுகளை ஒவ்வொன்றாகப் பார்த்துவிட்டுக் கேட்டாள்: "உன்னால தொறக்க முடியாத பூட்டு எதுனா இருந்தா குடுண்ணா."

சாவியோடு போனவர்

அந்தத் தியாகதுருகத்துப் பெண்ணோடு ஸ்டேஷனுக்குப் போய் நடந்ததை நடந்தபடி சொன்னேன். அட்டைகள் ஒரு வழியாகப் புதிதாகக் கிடைத்தன. பட்டா வழக்கு இன்னும் நடக்கிறது. அன்றிலிருந்து அடையாள அட்டை கேட்காமல் நான் பூட்டைத் தொடுவதில்லை.

மணலூர்பேட்டைப் பக்கம் ஒரு கிறிஸ்தவக் குடும்பத்தில் கூப்பிட்டார்கள். பெரியவர் இறந்து நான்காம் நாள். இறப்புச் சான்றிதழுக்கு அவருடைய ஆதார் வேண்டும். ஆதார் பீரோவில். பீரோ சாவி அவருடைய அரைஞாண் கயிற்றில். அடக்கம் முடிந்து வீட்டுக்குத் திரும்பிய பிறகுதான் அது ஞாபகம் வந்திருக்கிறது. கல்லறையைத் தோண்டலாமா என்றுகூட மகன்கள் பேசியிருக்கிறார்கள்.

வழக்கம்போல் அடையாள அட்டை கேட்டேன். பெரிய மகன் வாசலில் கட்டியிருந்த கண்ணீர் அஞ்சலி பேனரைக் காட்டினார். பெரியவர் படம், அதற்குக் கீழே குடும்பத்தார் பெயர்கள். அதையே அத்தாட்சியாக எடுத்துக்கொண்டேன். பீரோவைத் திறந்தேன். மேல்தட்டிலேயே ஆதார் இருந்தது. அவருடைய மனைவி அதை வாங்கி, படத்தை முந்தானையால் துடைத்தார். "டவுனுக்குப் போனாகூட சாவிய என் கையில குடுத்துட்டுத்தான் போவாரு. இந்தத் தபாதான் மறந்துட்டாரு."

மலையிலிருந்து வந்த பெட்டி

வெள்ளிமலைக்கு அந்தப் பக்கத்து ஊரிலிருந்து ஒரு அப்பாவும் மகளும் பஸ்ஸில் தகரப் பெட்டியையே தூக்கிக்கொண்டு வந்தார்கள். அட்டை கேட்டால், "உள்ள இருக்குதுங்க" என்றார் அப்பா. மகளுக்கு நர்ஸ் படிப்பில் இடம் கிடைத்திருந்தது. மறுநாள் அசல் சான்றிதழ்களோடு போய்ச் சேர வேண்டும். சாவி காட்டு வேலையில் எங்கோ விழுந்துவிட்டது.

பூட்டைக் கழற்றி மூடியைத் தூக்கினேன். துருப்பிடித்த அடித்தகடு வழியாகக் கரையான் ஏறியிருந்தது. மதிப்பெண் பட்டியல், சாதிச் சான்றிதழ், அட்டைகளின் ஓரம் என்று எதையும் விடவில்லை. அந்தப் பெண் மண்ணைத் தட்டித் தட்டிப் பார்த்தாள். அப்பா பூட்டை மட்டும் கையில் வைத்துப் புரட்டிக்கொண்டிருந்தார்.

பிறகு பள்ளிக்கூடம், ஸ்டேஷன், தாலுகா ஆபீஸ் என்று நகல் வாங்க அலைந்தார்கள். மூன்று மாதம் கழித்து அந்தப் பெண் கடைக்கு வந்து, பிளாஸ்டிக் உறையில் போட்ட புதுச் சான்றிதழ்களைக் காட்டினாள். "எல்லாம் வந்துடுச்சுங்க. சீட்டுதான் வேற ஆளுக்குப் போயிடுச்சு."

மாற்றாத பூட்டு

களமருதூர் அம்மா ஒருவர் நாற்று நடும்போது வீட்டுச் சாவியைச் சேற்றில் விட்டுவிட்டார். நாதாங்கியைப் பெயர்த்துக் கொண்டுவந்த பூட்டோ உள்ளே முழுக்கத் துரு. "இது தேறாதும்மா, புதுசு வாங்கிக்கங்க" என்றேன். தலையாட்டி மறுத்தார். இன்னொரு சாவி மகனிடம் இருக்கிறது. லாரிக்குப் போனவன், இரண்டு வருஷமாகப் பேச்சில்லை, போனும் போவதில்லை. காணவில்லை என்று எழுதிக் கொடுக்கப் போனால் அவனுடைய அட்டை கேட்டார்களாம். அதையெல்லாம் அவனே எடுத்துக்கொண்டு போயிருந்தான்.

மண்ணெண்ணெய் விட்டு ஊறவைத்து, துருவைச் சுரண்டி, மூன்று தடவை அராவித்தான் புதுச் சாவி பூட்டில் திரும்பியது. அவரே பூட்டிப் பார்த்தார், திறந்து பார்த்தார். "பூட்ட மாத்திட்டா அவன் வந்து எதுலப்பா தொறப்பான்?"

அரை மணி நேரத்தில் சாவி போட்டு அனுப்பிவிடுகிறேன். தொலைந்த அட்டைகளுக்கு எந்த ஆபீசுக்குப் போக வேண்டும் என்று கேட்டால், எல்லா ஆபீசுக்கும் என்றுதான் சொல்ல வேண்டியிருக்கிறது.