பந்துக்கு முன்னால் வந்த எலுமிச்சம்பழம்



என் தங்கை மகன் சிதம்பரத்தில் குடிநீர்க் குழாயும் சாக்கடைக் குழாயும் பதிக்கிறவன். வேலை அவனுடையது, லைசென்ஸ் வேறொருவருடையது. லைசென்ஸ் இல்லாதவன் தெருவைத் தோண்டக் கூடாது, வீட்டுக் குழாயைப் பொதுக் குழாயோடு சேர்க்கக் கூடாது. அதனால் இத்தனை காலம் ஒரு முதலாளியின் பெயரில்தான் உழைத்தான். சொந்த லைசென்ஸுக்கு ஐடிஐ சான்றிதழ், அனுபவச் சான்று, வைப்புத்தொகை எல்லாம் கொடுத்தாகிவிட்டது. மிச்சம் ஒன்றுதான். அவன் பதித்த குழாயை அதிகாரி நேரில் வந்து சோதிக்க வேண்டும்.

சோதனை நாளன்று என் ஊரான செம்மண்டலத்திலிருந்து கிளம்பிச் சிதம்பரத்துக்குப் பஸ் ஏறினேன். என்னை யாரும் கூப்பிடவில்லை. வீட்டில் உட்கார்ந்திருந்தால் கவலையிலேயே காய்ச்சல் வந்திருக்கும்.

புதிதாகக் கட்டிய ஒரு வீடு. வாசலில் வீட்டுக் கழிவுநீர் வந்து சேரும் சிறிய சேம்பர் தொட்டி. அதிலிருந்து, இன்னும் கழிவுநீர் விடாத புதுத் தெரு மேன்ஹோல் வரை சாக்கடைக் குழாய். சோதனை முடியும்வரை மண் தள்ளக் கூடாது என்பதால் பள்ளம் திறந்தே கிடந்தது. குழாயில் ஐந்து இணைப்புகள். திரும்ப எண்ணினேன், ஐந்துதான்.

“மாமா, எண்ணி எண்ணியே பைப்பைத் தேய்ச்சிடாதீங்க” என்றான் மருமகன்.

தங்கை வந்து சேம்பரின் நான்கு மூலையிலும் குங்குமம் தடவிய எலுமிச்சம்பழங்களை வைத்துக் கற்பூரம் ஏற்றினாள். எந்த வேலை முடிந்தாலும் அவர்கள் வீட்டு வழக்கம் அது. கற்பூரம் அணைவதற்குள் அதிகாரி வந்துவிட்டார். இளம்வயதுப் பெண். குடிநீர்க் குழாய் சாக்கடைக் குழாய்க்கு மேலேயும் தள்ளியும் போகிறதா என்று டேப் பிடித்துப் பார்த்தார். தலையாட்டினார். பிறகு பையிலிருந்து ஒரு நீலப் பந்தை எடுத்தார். குழாயின் வாயைவிடக் கொஞ்சம் சின்னது.

“இது தானா உருண்டு தெருப் பக்கம் வரணும். நடுவுல நின்னா சரிவு தப்பு, இல்ல ஜாயின்ட்ல பசை பிதுங்கியிருக்கு. அப்ப லைசென்ஸ் கிடையாது.”

அப்போதுதான் சேம்பரைப் பார்த்தேன். பழங்கள் மூன்று. மறுபடி எண்ணினேன். மூன்றேதான்!

“இன்னொண்ணு எங்கம்மா?” என்று தங்கையின் காதில் கேட்டேன்.

“கை பட்டுக் குழாய்க்குள்ள உருண்டுடுச்சுண்ணே. சாமிக்கு வெச்சது, ஒண்ணும் பண்ணாது.”

 பழம் எங்காவது சிக்கியிருந்தால் பந்தும் அங்கேயே நின்றுவிடும். மருமகனிடம் ஓடிச் சொன்னேன்.  “மேடம், ஒரு நிமிஷம்” என்று அவன் வாய் திறப்பதற்குள் அவர் பந்தை விட்டுவிட்டார்.

எல்லோரும் மேன்ஹோலுக்கு ஓடினோம். நான்தான் முதலில். குனிந்து பார்த்தேன். சத்தமே இல்லை. பிறகு உள்ளே ஏதோ கடகடத்தது. குங்குமப் பொட்டோடு எலுமிச்சம்பழம் வந்து விழுந்தது. அதன் முதுகிலேயே பந்தும் வந்து இடித்தது.

“வந்துடுச்சு! ரெண்டும் வந்துடுச்சு!” என்று கத்தினேன்.

அதிகாரி பழத்தை உற்றுப் பார்த்தார். “நான் ஒண்ணுதானே போட்டேன்?”

“அம்மா பூஜை பண்ணாங்க மேடம். தவறி விழுந்துடுச்சு” என்றான் மருமகன்.

“உள்ள இன்னும் எத்தனை இருக்கு?”

“இல்லீங்க! நாலுதான். மூணு மேல இருக்கு. நான் எண்ணிட்டேன்!” என்று நான் குறுக்கே புகுந்தேன்.

அவருக்குச் சிரிப்பு வந்துவிட்டது. ஆனால் விடவில்லை. “இன்னொரு தடவை போடறேன். இந்தத் தடவை பந்து மட்டும் வரட்டும்.”

வந்தது. எங்கும் நிற்காமல், இம்முறை இன்னும் வேகமாக வந்தது. பைக் சீட்டில் தாளை வைத்துக் கையெழுத்துப் போட்டார். “லைசென்ஸ் உங்க பேருக்கே வரும். பழத்தை எடுத்துட்டு மண்ணைத் தள்ளலாம்.”

தங்கை பழத்தைக் கழுவி நான்காவது மூலையில் வைத்தாள். “புதுப் பைப்தானே, தீட்டு ஒண்ணும் இல்ல” என்றாள்.

மருமகன் யாருக்கும் போன் செய்யவில்லை. கூலியாளிடமிருந்து மண்வெட்டியை வாங்கித் தானே மண்ணைத் தள்ளத் தொடங்கினான். நான் பள்ளத்தின் ஓரத்தில் நின்று பார்த்துக்கொண்டிருந்தேன். ஒன்று, இரண்டு, மூன்று, நான்கு. ஐந்தாவது இணைப்பும் மண்ணுக்குள் மறையும்வரை அந்த இடத்தைவிட்டு நான் நகரவில்லை.