மாலினி கேட்காத மன்னிப்பு

மாலினி போய்விட்டாள் என்ற செய்தி வந்தபோது நான் மருத்துவமனைச் சமையலறையில் இருந்தேன். காலைச் சாப்பாட்டுத் தட்டுகள் திரும்பி வந்து குவிந்திருந்த நேரம். நாங்கள் பவளக்கா என்று அழைக்கும் அவளுடைய அம்மா தொலைபேசியில் அழவில்லை. "தம்பி, பிள்ளை குளிக்கப் போனவள். வலிப்பு வந்து விழுந்திட்டாள். எல்லாம் முடிஞ்சுது" என்றார். பக்கத்தில் இருந்த தகர அலுமாரியைக் குத்தினேன். அலுமாரியும் நெளிந்தது, என் கையும் பிளந்தது. பின்னேரம் அவளைப் பார்த்த மருத்துவரைப் பிடித்து, "லண்டனில் தலையில் பட்ட அடிதானே இவளைக் கொன்றது?" என்று கேட்டேன். இத்தனை வருடத்துக்குப் பிறகு அப்படி உறுதியாகச் சொல்ல முடியாது என்றார். உடன் வேலை செய்கிற இரண்டு பேர் என்னை இழுத்துக்கொண்டு போகாவிட்டால் அன்று எனக்கு வேலை போயிருக்கும்.

பேர்ண் நகரிலும் அதை ஒட்டிய ஓஸ்டர்முண்டிகனிலும் மாலினியைத் தெரியாத தமிழர் குறைவு. தெரிந்தவர்களில் பாதிப்பேர் அவளை வாய்க்கு வந்தபடி திட்டியவர்கள். உங்களுக்கும் சேர்த்துத்தான் இதை எழுதுகிறேன்.

அவள் இங்கே பிறந்தவள். பன்னிரண்டு வயதில் பிள்ளைகளைப் பிரித்து, ஒரு பகுதியைப் பல்கலைக்கழகப் பக்கமும் மறு பகுதியைத் தொழில் பழகவும் அனுப்புகிற இந்த நாட்டு வழக்கத்தில் அவள் தொழில் பக்கம் விழுந்தாள். எங்கள் ஆட்களுக்கு அது மானப் பிரச்சினை. நான் அவர்களுக்குக் கீழ்த் தளத்தில் குடியிருந்தேன். அன்றைக்கு அவளுடைய அப்பா வீட்டில் உடைத்தது எல்லாம் எனக்குக் கேட்டது. கொஞ்சக் காலத்தில் அவளை லண்டனில் இருந்த தன் தங்கை வீட்டுக்கு அனுப்பினார். லண்டனுக்குப் போனால் எப்படியும் பட்டம் எடுத்துவிடலாம் என்ற நம்பிக்கையில் எத்தனை குடும்பங்கள் இங்கிருந்து கிளம்பின என்று உங்களுக்கே தெரியும். போகிற அன்று படியில் வைத்து மாலினி சொன்னாள்: "அப்பாவுக்கு என்ர படிப்பு வேண்டாம் அண்ணை. சுவரில கொழுவுறதுக்குக் கறுப்புக் கவுன் போட்ட படம் ஒண்டு வேணும்."

ஆனால் அவள் நன்றாகப் படித்தாள். பல்கலைக்கழகத்துக்குள்ளும் போனாள். அப்போதுதான் அந்த நாட்டு அரசு படிப்புக் கட்டணத்தை மூன்று மடங்காக்கியது. கூட்ட மாட்டோம் என்று தேர்தலுக்கு முன் மாணவர்களுக்குச் சத்தியம் பண்ணிய கட்சியும் அந்த அரசில் இருந்தது. அந்தக் கட்சியின் பேரில் தமிழ் மாணவர்களிடம் வந்து வாக்குக் கேட்டவர் ஒரு தமிழ்க் கவுன்சிலர். மாலினியும் அவரோடு நின்று படம் எடுத்தவள்தான். ஏற்கனவே படித்துக்கொண்டிருந்ததால் அந்த உயர்வு அவளைத் தொடாது. அடுத்த வருடம் சேரவிருந்த, தான் தங்கியிருந்த வீட்டு மச்சாளுக்காகத்தான் எதிர்ப்பு ஊர்வலத்துக்குப் போனாள். பொலிஸ் அவர்களைச் சுற்றி வளைத்துக் குளிரில் நிறுத்தி வைத்தது. குதிரைகளை விட்டது. கீழே விழுந்த ஒரு பெடியனைத் தூக்கக் குனிந்தவளின் வலது காதுக்கு மேலே பொல்லு இறங்கியது. மண்டை பிளந்தது. வலிப்பு அன்று தொடங்கியது. அந்தப் பட்டம் அதோடு போயிற்று.

சூரிச் விமான நிலையத்துக்கு அவளை எடுக்கப் போனபோது காரை ஓட்டியவன் நான். தலைக்கட்டோடு வந்த மகளைக் கண்டதும் அவளுடைய அப்பா கை ஓங்கினார். அவள் அந்தக் கையைக் காற்றிலேயே பிடித்து முறுக்கினாள். "அப்பா, லண்டன் பொலிஸ் அடிச்சு முடிச்சிட்டான். நீங்கள் பிந்திப் போனீங்கள்." சுற்றி நின்ற வெள்ளைக்காரர் எல்லோரும் பார்த்தார்கள்.  அதற்குப் பிறகு அந்த மனிதர் சாகும்வரை அவள்மேல் கை வைக்கவில்லை.

எனக்கும் அவளுக்கும் கட்டணத்தைப் பற்றி ஒரு சண்டை இருந்தது. ட்ராமில் போனாலும் நடக்கும், சாப்பாட்டு மேசையிலும் நடக்கும். "லண்டன்காரன் காசு வாங்கினாலும் எல்லாருக்கும் கதவைத் திறந்து விடுறான். இஞ்ச காசு பெரிசில்லை, ஆனா பன்னிரண்டு வயசில கதவைச் சாத்திப்போடுறாங்கள். எது நல்லம்?" என்பேன் நான். அவள் சீறுவாள். "இஞ்ச கழுத்தைப் பிடிச்சு வெளியால தள்ளுறாங்கள். அங்க உள்ள விட்டிட்டுக் கழுத்தைப் பிடிக்கிறாங்கள். ரெண்டும் கழுத்துத்தான் அண்ணை!" அந்த நாட்டில் தேர்தல் வரும்போதெல்லாம் ஒருவர் கட்டணத்தை எடுத்துவிடுவேன் என்பார். வென்ற பிறகு அது வெறும் 'சீர்திருத்தம்' என்று சுருங்கிவிடும். அந்தச் சொல் செய்தியில் வந்தால் மாலினி கையில் கிடைத்ததைத் தொலைக்காட்சிமேல் எறிவாள். பவளக்கா இரண்டு தொலைக்காட்சி மாற்றினார்.

அவள் இங்கே முதலிலிருந்து படித்து ஆசிரியப் பயிற்சியை முடித்தாள். பிள்ளைகளைப் பிரிக்கிற அந்த வயது வகுப்புத்தான் வேண்டும் என்று கேட்டாள். ஒரு பள்ளிக்கூடத்தில் அந்த வேலையும் கைக்கு வந்தது. அந்த நேரம் பார்த்து எங்கள் மாணவர் கௌரவிப்பு விழா வந்தது. பல்கலைக்கழகம் போகிற பிள்ளைகளுக்கு மட்டும் மாலை போடுகிற விழா அது. பிரதம விருந்தினராக லண்டனிலிருந்து அழைத்து வந்தது யாரை? அதே கவுன்சிலரை.

அவர் நன்றாகத்தான் பேசினார். ஒருவரும் முன்கூட்டிக் கட்டத் தேவையில்லை, உழைக்கத் தொடங்கிய பிறகு கட்டினால் போதும், பிள்ளைகளை அனுப்புங்கள் என்றார். அதோடு நிறுத்தியிருக்கலாம். "அண்டைக்கு ரோட்டில நிண்டு கத்தினதுகள் படிக்க வந்த பிள்ளையள் இல்லை. ரவுடியள். பொலிஸ் குடுத்த அடி காணாது, இன்னும் குடுத்திருக்க வேணும்" என்று சிரித்தார். சபையிலும் சிரித்தார்கள். மாலினி மேடையில் ஏறியதை நான் கண்டேன். மைக்கைப் பிடுங்கியதைக் கண்டேன். அதாலேயே அவர் வாயில் அடித்தாள். அந்தச் சத்தம் ஒலிபெருக்கியில் மண்டபம் முழுக்கக் கேட்டது. ஒரு பல் போனது, வேட்டியெல்லாம் இரத்தம். பிள்ளைகள் கதறினார்கள். அது சரி என்று நான் சொல்ல வரவில்லை. எனக்கு இனித்தது என்று மட்டும் சொல்கிறேன்.

அவர் பொலிசில் முறைப்பாடு கொடுத்தார். அதே மேடையில் மன்னிப்புக் கேட்டால் திரும்ப எடுப்பதாகச் சொல்லி அனுப்பினார். கேட்காவிட்டால் அவள் குற்றவாளிப் பதிவில் ஏறுவாள், வகுப்பறைக் கனவு முடிந்துவிடும். விழாக் குழுத் தலைவர் பவளக்காவின் வீட்டுக்கு வந்து கெஞ்சினார். "ஒரு சொல்லுத்தானே பிள்ளை? சொல்லிப்போட்டுப் போய்ப் பிள்ளையளுக்குப் படிப்பி." நானும் சேர்ந்து கெஞ்சினேன்.

மாலினி எழும்பி நின்றாள். "பல்லை உடைச்சதுக்கு எண்டா இப்பவே கேக்கிறன். ஆனா எங்களை ரவுடியள் எண்டதை அவரும் அதே மேடையில திருப்பி எடுக்க வேணும். நான் மட்டும் போய்க் கேட்டா, அண்டைக்கு என்னோட அடிவாங்கின அவ்வளவு பிள்ளையளையும் நானே ரவுடி எண்டு சொன்ன மாதிரி. அதுக்கு நான் ஆஸ்பத்திரியில நோயாளியளின்ர கட்டில் தள்ளலாம்."

கவுன்சிலர் திருப்பி எடுக்கவில்லை. மாலினிக்குத் தண்டனை வந்தது, வகுப்பறை போனது. சொன்னபடியே எங்கள் மருத்துவமனைக்கு வந்து நோயாளிகளைக் கட்டிலோடு தள்ளிக்கொண்டு போகும் வேலையில் சேர்ந்தாள். பள்ளிக்கூடம் விடுகிற நேரத்தில் ஜன்னல் பக்கம் வரமாட்டாள். 

அவள் இறந்த பிறகு கவுன்சிலர் எனக்குத் தொலைபேசி எடுத்தார். "கட்டண விசயத்தில நாங்கள் விட்டது பிழை எண்டு இப்ப எல்லாரும் ஒத்துக்கொள்ளினம். மாலினி ஒரு போராளி. செத்தவீட்டில நானும் நாலு வார்த்தை கதைக்க வேணும்." வந்தால் மிச்சப் பல்லையும் உடைப்பேன் என்று சொல்லிவிட்டு பவளக்காவிடம் போனேன். அவர் யோசிக்கவேயில்லை. "வரட்டும் தம்பி."

வந்தார். தகன மண்டபத்தில் எழுதிக்கொண்டு வந்த தாளை விரித்தார். பவளக்கா எழும்பிப் போய் அவருடைய மணிக்கட்டைப் பிடித்தார். பெட்டிக்குப் பக்கத்தில் இழுத்துக்கொண்டு போனார். மகளின் வலது காதுக்கு மேலே முடியை விலக்கினார்.

"கதைக்க முதல் இதைத் தொட்டுப் பாருங்கோ."

அவர் தொட்டார். விரல் அந்தப் பள்ளத்தில் கொஞ்ச நேரம் நின்றது. தாள் கையிலிருந்து விழுந்தது. "என்னை மன்னிச்சுக்கொள்ளுங்கோ அக்கா" என்று உடைந்து அழுதார்.

"என்னட்டை ஏன் கேக்கிறியள்?" என்றார் பவளக்கா. "எனக்கு அது தேவையில்லை. அவளுக்குத்தான் தேவைப்பட்டது."

அந்த மனிதர் எல்லோருக்கும் முன்னால் குலுங்கிக் குலுங்கி அழுதார். எனக்கு இரக்கம் வரும் என்று பார்த்தேன், வரவில்லை. மாலினியிடமிருந்து எனக்கு மிஞ்சியது அவளுடைய கோபம்தான். அதை ஆற விடமாட்டேன்.