தேவநாதன் வீட்டு வருகைப் பதிவேடு

என் தம்பி தேவநாதன் பத்தாவதில் தோற்றவன். கடலூர் மஞ்சக்குப்பத்தில் வீட்டு முன்னறையிலேயே எரிந்துபோன மோட்டாருக்குக் காயில் கட்டும் கடை வைத்திருக்கிறான். நான் சிதம்பரம் பக்கம் ஓர் ஊராட்சி ஒன்றிய நடுநிலைப் பள்ளியின் தலைமையாசிரியை. அவன் தன் மகள் கலைமணியை நான்காம் வகுப்பு பாதியில் நிறுத்திவிட்டு, "நானே வீட்ல சொல்லிக் குடுக்கப் போறேன்க்கா" என்று போனில் சொன்னபோது எனக்கு எப்படி இருந்திருக்கும் என்று நீங்களே யோசித்துக்கொள்ளுங்கள்.

அவன் பக்கமும் நியாயம் இருந்தது. கலைமணி வீட்டில் வாய் மூடாத பெண். பள்ளிக்குள் கால் வைத்தால் ஒரு வார்த்தை வராது. அவள் படித்த தனியார் பள்ளியில் பதில் சொல்லவில்லை என்று தினமும் பெஞ்சு மேல் ஏற்றி நிறுத்தியிருக்கிறார்கள். அதை ஒருநாள் கண்ணால் பார்த்தவன், மாற்றுச் சான்றிதழைக் கையோடு வாங்கிக்கொண்டு வந்துவிட்டான். அவன் மனைவி வினோதினி மருந்துக்கடைக்கு வேலைக்குப் போகிறவள். அவளும் சரி என்றுவிட்டாள்.

நான் அடுத்த பஸ்ஸைப் பிடித்துப் போய் அவனை உண்டு இல்லை என்று பண்ணினேன்.

"கட்டாயக் கல்விச் சட்டம் தெரியுமாடா? ஆறுலேருந்து பதினாலு வயசு வரைக்கும் புள்ளைய ஸ்கூல்ல சேக்க வேண்டியது பெத்தவங்க கடமை."

"விசாரிச்சேன்க்கா. கடமைன்னுதான் போட்டிருக்கு, சேக்கலன்னா தண்டனைன்னு எதுவும் இல்லியாம். வீட்ல படிக்கலாம்னும் இல்ல, கூடாதுன்னும் இல்ல. பன்னண்டரை வயசு முடிஞ்சா எட்டாவத தனித்தேர்வா எழுதலாம். அப்புறம் பத்தாவது. அது வேணாம்னா தேசியத் திறந்தநிலைப் பள்ளி இருக்கு."

மோட்டார் கட்டுகிறவன் எனக்குச் சட்டம் சொன்னது பொறுக்கவில்லை. "பெரிய ஸ்கூலு. ரெஜிஸ்டர் இருக்கா ஒங்கிட்ட?" என்று குத்தலாகக் கேட்டுவிட்டு வந்தேன். கிண்டலைக்கூட உத்தரவாக எடுத்துக்கொள்கிறவன் அவன். மறுநாளே நிஜமான வருகைப் பதிவேடு ஒன்றை வாங்கிவிட்டான். தன் கையெழுத்து கோழிக் கிறுக்கல் என்பதால், எழுதும் வேலையைக் கலைமணியிடமே கொடுத்தான்.

இரண்டு வருடம் போனது. மாதம் ஒருமுறை போய்த் திட்டிவிட்டு வந்தும் என் கோபம் ஆறவில்லை. பள்ளி செல்லாக் குழந்தைகள் கணக்கெடுப்பு வந்தபோது, அந்தப் பகுதியில் கணக்கெடுக்கும் ஆசிரியப் பயிற்றுநர் ஆரோக்கியராஜிடம் கலைமணி பெயரைக் கொடுத்ததே நான்தான். அவரோடு நானும் அந்த வீட்டுக்குப் போய் உட்கார்ந்துகொண்டேன்.

ஆரோக்கியராஜ் நல்ல மனிதர். ஐந்தாம் வகுப்புத் தமிழ்ப் புத்தகத்தை நீட்டி, வாசிக்கச் சொன்னார். கலைமணி தரையைப் பார்த்துக்கொண்டு நின்றாள். கணக்குக் கேட்டார். அதற்கும் அப்படியே நின்றாள். வெளியாள் முன்னால் பேசமாட்டாள் என்று தேவநாதன் சொன்னது எடுபடவில்லை.

"சார், புள்ளைக்கு ஒண்ணுமே தெரியலன்னுதான் நான் எழுதணும். திங்கக்கிழமையே பக்கத்து ஸ்கூல்ல சேத்துடுங்க."

மறுபடி கொண்டுபோய் விட்டால் வீட்டில் பேசும் பேச்சும் நின்றுவிடும் என்பதுதான் தேவநாதனின் பயம். அப்போது கலைமணி உள்ளே போய்ப் பதிவேட்டை எடுத்துவந்து ஆரோக்கியராஜ் கையில் கொடுத்தாள்.

அதில் அப்பாவுக்கும் வருகை போட்டிருந்தாள். பக்கத்தில் காரணம் எழுத ஒரு கட்டம். ஆரோக்கியராஜ் சத்தமாகவே வாசித்தார். "ஆசிரியர் வரவில்லை. காரணம்: போர்வெல் மோட்டார் அவசரம்." இன்னொரு நாள், "ஆசிரியர் பின்னக் கணக்கில் தப்பு செய்தார். திருத்தினேன்." அதற்கும் கீழே, "அத்தை வந்தார். திட்டினார். பாடம் நடக்கவில்லை." அவர் என்னைத் திரும்பிப் பார்த்தார். நான் ஜன்னலைப் பார்த்தேன். இருபத்தைந்து வருட சர்வீசில் இவ்வளவு உண்மையான பதிவேட்டை நான் பார்த்ததில்லை. என் பள்ளிப் பதிவேட்டையும் சேர்த்துத்தான் சொல்கிறேன்.

"இதெல்லாம் நீயாம்மா எழுதின?"

கலைமணி அவர் பேனாவை வாங்கி, அன்றைய தேதியில் எழுதினாள்: "சார் வந்தார். கேள்வி கேட்டார். எல்லாவற்றுக்கும் பதில் தெரியும்." கீழே அவர் கேட்ட கணக்கின் விடையையும் போட்டாள். சரியான விடை.

"இந்த ரெஜிஸ்டருக்குச் சட்டத்துல மதிப்பு இல்ல சார். ஆனா ஒண்ணும் தெரியாதுன்னு நான் எழுத முடியாது" என்றார் ஆரோக்கியராஜ். தன் கணக்கெடுப்புக் குறிப்பில், 'வீட்டில் கற்கிறார், எட்டாம் வகுப்புத் தனித்தேர்வுக்குத் தயாராகிறார்' என்று எழுதினார். பிறப்புச் சான்றிதழும் மாற்றுச் சான்றிதழும் பத்திரமாக இருக்கட்டும், மூன்று மாதத்துக்கு ஒருமுறை வந்து பார்ப்பேன் என்று சொல்லிவிட்டுப் போனார்.

அவர் போனதும், பெயரைக் கொடுத்தது நான்தான் என்று தம்பியிடம் சொன்னேன். "தெரியும்க்கா. வேற யாரு குடுப்பாங்க" என்றான். அவ்வளவுதான். அடுத்த மாதத்திலிருந்து புத்தகங்களை நானே சுமந்துகொண்டு போனேன்.

போன வருடம் கலைமணி எட்டாவது தனித்தேர்வு எழுதினாள். தேர்வு மண்டபத்தில் யாரும் அவளைப் பேசச் சொல்லவில்லை. முடிவு வந்த அன்று நான் லீவு போட்டுவிட்டு ஓடினேன். என்னிடம் படித்துத் தேறிய பிள்ளைகள் எத்தனையோ பேர். இந்தப் பத்தாவது ஃபெயில் தம்பியை நினைத்து வந்த பெருமை, அவர்களில் ஒருவரால்கூட எனக்கு வந்ததில்லை. கடை பாதி திறந்திருந்தது. மேசை மேல் பதிவேடு. அன்றைய தேதியில் பாதி எழுதி நிறுத்தியிருந்த கலைமணி, என்னைப் பார்த்ததும் மீதியையும் எழுதி முடித்தாள்.

"மாணவி தேர்ச்சி. பாடம் நடக்கவில்லை. காரணம்: ஆசிரியர் அழுகிறார். அத்தை வந்தார். திட்டவில்லை."