ஒரே அடுக்கிலிருந்து வந்த வசனம்

அச்சகத்தில் அவருக்கு 'ஸ்கேலு' என்று பெயர். காகிதம் வெட்டும் எந்திரத்தில் இருபத்தாறு வருஷம். அரை மில்லிமீட்டர் பிசகினாலும் அடுக்கை ஒதுக்கிவிட்டு முதலிலிருந்து தொடங்குகிற ஆள். வேதம் வாசிப்பதிலும் அதே கறார்தான். காலையில் சத்தமாக மூன்று அதிகாரம். ஒரு வசனம் விட்டுப்போனதோ என்று சந்தேகம் தட்டினால் அதிகாரத்தையே மறுபடி ஆரம்பிப்பார். நீங்கள் முடிப்பதற்குள் இயேசுவின் இரண்டாம் வருகையே வந்துவிடும்போல என்று மனைவி அடுப்படியிலிருந்து கிண்டல் பண்ணுவாள்.

அந்த மனைவிதான் இப்போது ஆஸ்பத்திரியின் மூன்றாவது மாடியில் படுத்திருந்தாள். வயிற்றில் கட்டி. டாக்டர் ஒரு வியாழக்கிழமை அறுவைக்கு நாள் குறித்தார். அவள் கையெழுத்துப் போட மாட்டேன் என்றாள். அடுத்த வியாழன் என்றார். அதற்கும் மாட்டேன் என்றாள். அவள் தலையணைக்கடியில், பைபிள் வசனம் அச்சடித்த ஒரு வாக்குத்தத்த அட்டை இருந்தது.

அந்த அட்டை அவர் வேலை பார்க்கிற அச்சகத்தில் அடித்தது. ஒரு தாளில் நாற்பது அட்டை, நாற்பது வசனம். இருநூறு தாளை அடுக்கி வெட்டினால் நாற்பது அடுக்கு விழும். ஓர் அடுக்கு முழுக்க ஒரே வசனமாக இருக்கும். பைண்டிங் பெண்கள் மேஜையைச் சுற்றி உட்கார்ந்து, ஒவ்வோர் அடுக்கிலிருந்தும் ஒன்று ஒன்றாக எடுத்துக் கலந்து கட்டின பிறகுதான் அதை வெளியே கொடுப்பது.

சபையின் ஜெபக்குழுவை நடத்துகிற அக்கா ஒருநாள் அச்சகத்துக்கு வந்து, ஆஸ்பத்திரிக்கு நோயாளிகளைப் பார்க்கப் போகிறோம், மிச்சம் மீதி அட்டை இருந்தால் கொடுங்கள் தம்பி என்று கேட்டார். அதே நேரம் மனைவிக்கு ஸ்கேன் எடுத்த இடத்திலிருந்து போன் வந்தது. ஒரு கையில் போனைப் பிடித்துக்கொண்டே, எந்திரத்தின் பக்கத்தில் கிடந்த பாதி அடுக்கை எடுத்துக் காகிதத்தில் சுற்றிக் கொடுத்துவிட்டார். எல்லா அட்டைக்கும் பின்பக்கம் ஒரே பூ. வாழ்க்கையில் அந்த ஒரு தடவைதான் புரட்டிப் பார்க்காமல் கொடுத்தார்.

வார்டில் அக்கா அட்டைகளை விசிறியாக விரித்து, பூப் பக்கம் மேலே தெரிய நீட்டியிருக்கிறார். மனைவி கண்ணை மூடி ஜெபித்து ஒன்றை எடுத்தாள். நீ இந்தப் படுக்கையை விட்டு எழும்புவாய் என்கிற பொருளில் ஒரு வசனம். பக்கத்துக் கட்டில் டீச்சரும் எடுத்தார். அதே வசனம். வேதத்தில் சொன்னபடி இரண்டு சாட்சியின் வாயால் காரியம் நிலைவரப்பட்டது என்று அக்கா அழுதேவிட்டார். மூன்றாவது கட்டிலுக்குப் போவதற்குள் நர்ஸ் வந்து, பார்வையாளர் நேரம் முடிந்தது என்று எல்லாரையும் விரட்டிவிட்டாள். டீச்சருக்கு இருந்தது வெறும் பித்தப்பைக் கல். நாலாம் நாள் அவர் சிரித்துக்கொண்டே வீட்டுக்குப் போனதும் மனைவிக்கு நம்பிக்கை பாறையாகிவிட்டது.

"ரெண்டு பேருக்கும் ஒரே வசனம்" என்று மனைவி அதைக் காட்டியபோதே, புரட்டிப் பார்க்காமல் சுற்றிக் கொடுத்த அடுக்கு அவருக்கு ஞாபகம் வந்தது. நேரே அக்கா வீட்டுக்குப் போய் மீதி அட்டைகளை வாங்கி மேஜைமேல் ஒவ்வொன்றாகத் திருப்பினார். பத்து, முப்பது, அறுபது. எல்லாம் அதே வசனம். அக்கா அட்டைகளை மறுபடி ஒன்றாக அடுக்கினார். பிறகு, அவள் நிம்மதியாகத் தூங்குகிறாள், இதைப் போய்ச் சொல்லத்தான் வேண்டுமா என்று தாழ்ந்த குரலில் கேட்டார்.

அவரும் அதைத்தான் கேட்டுக்கொண்டிருந்தார். தன் கையை ஆண்டவரே நடத்தியிருக்கலாம் என்றுகூட நினைத்துப் பார்த்தார். அப்படியானால் அவளைக் கத்தியிடமிருந்து தடுக்கவா நடத்தினார்? அளவெடுத்துப் பார்க்க முடியாத விஷயம். ஒன்று மட்டும் தெரிந்தது. தன்னுடைய கவனக்குறைவை அவள் தேவனுடைய சத்தம் என்று நம்பிக்கொண்டிருக்கிறாள். வாயை மூடிக்கொண்டிருந்தால் அது பொய்.

புதன்கிழமை மத்தியானம் கட்டில் ஓரத்தில் உட்கார்ந்து சொன்னார்.

"நான் கலக்காமக் குடுத்துட்டேன். கட்டு முழுக்க அதே வசனம்தான். யார் எடுத்திருந்தாலும் அதுதான் வந்திருக்கும்."

அவள் தலையணைக்கடியிலிருந்து அட்டையை எடுத்தாள்.

"டீச்சருக்கும்?"

"டீச்சருக்கும்."

"அப்ப எனக்குன்னு சொன்னதில்ல."

யார் கையில் வந்தாலும் வசனம் வசனம்தானே என்று சொல்ல நினைத்தார். அதற்குள் அவள் கையை நீட்டி, "பேனாவக் குடுங்க" என்றாள்.

வியாழக்கிழமை வயிற்றைத் திறந்தார்கள். திறந்த வேகத்தில் மூடினார்கள். எல்லா இடத்திலும் பரவிவிட்டது, இன்னும் இரண்டு மாசம்தான் என்று டாக்டர் வராந்தாவில் நின்றபடியே சொன்னார். முதலில் குறித்த நாளிலேயே செய்திருந்தாலும் இதே கதைதான், தள்ளிப்போட்டதை நினைத்து வருத்தப்படாதீர்கள் என்று ஆறுதலுக்குச் சொல்லிவிட்டுப் போனார். இவர் கணக்குப் போட்டுப் பார்த்தார். பேசாமல் இருந்திருந்தால் மிச்சமிருக்கும் இரண்டு மாசத்தையும் அவள் அந்த வசனத்தோடு கழித்திருப்பாள். உண்மையைச் சொல்லி அவளுக்கு வாங்கிக் கொடுத்தது பதினெட்டுத் தையல்.

வீட்டுக்குக் கூட்டிவந்த பிறகு காலையில் அவர் மனதுக்குள் மட்டும் வாசித்தார். ஒரு வாரம் கழித்து, சத்தமாகவே வாசியுங்களேன் என்றாள் அவள். அவர் வேதத்தில் ஆறுதல் பாட்டுகள் நிறைந்த சங்கீதப் பகுதியைப் புரட்டினார்.

"அது வேண்டாம். ஆறுதல் சொல்ற பக்கமே வேண்டாம்."

"பின்ன எது?"

"இன்னார் இன்னாரைப் பெத்தார்னு பேர் பேரா வருமே, அது. அதுல யாரும் யாருக்கும் வாக்குக் குடுக்கல."

அவர் தேடி எடுத்து வாசித்தார். ஒருவன் இத்தனை வயதில் பிள்ளை பெற்றான், இத்தனை வருஷம் இருந்தான், செத்துப்போனான். அவன் மகனும் அப்படியே. அவன் மகனும். நாலாவது ஆள் வரும்போது அவள் கண் மூடியிருந்தது. தூங்கிவிட்டாள் என்று நினைத்து நிறுத்தினார்.

"ஏன் நிறுத்திட்டீங்க?" என்றாள், கண்ணைத் திறக்காமலே. "இன்னும் ஆள் இருக்கில்ல."

இருந்தார்கள். அவர் அடுத்த பெயரை வாசித்தார்.