இரண்டு அந்தோனியோக்களும் ஒரு ஷ்யாமளாவும்

ஷ்யாமளாவிடம் அமெரிக்கா ஒரு விஷயத்தைத் தெளிவாகச் சொல்லியிருந்தது: சும்மா வேலை செய்துகொள், சம்பளம் மட்டும் வாங்காதே. கணவன் நஞ்சுண்டனின் விசாவில் ஒட்டிக்கொண்டு 2002-இல் பிரிட்ஜ்வாட்டருக்கு வந்தவள். எம்.ஏ. சரித்திரம், எழும்பூரில் ஓர் ஆவணக் காப்பகத்தில் ஆறு வருஷ அனுபவம். அத்தனையும் இனிச் சாம்பாருக்குத்தான் என்று அக்கம்பக்கம் முடிவு கட்டியது. ஷ்யாமளாவா அடங்குகிறவள்? மகள் தீக்ஷாவைப் பள்ளியில் விட்ட கையோடு இருபது நிமிஷம் கார் ஓட்டிப் போய், ஒரு சின்னக் கல்லூரி மியூசியத்தில் வாலண்டியராகச் சேர்ந்துவிட்டாள். சம்பளம் வாங்கினால்தானே வம்பு, பேர் வாங்கினால் யார் கேட்பார்கள்? என்றைக்காவது தன் பேர் அச்சில் வரவேண்டும் என்ற ஆசை அவளுக்கு இருந்தது. அதை அவள் யாரிடமும் மறைத்ததும் இல்லை.

மியூசியத்தில் இத்தாலிய ஓவியங்கள், சிலைகள், செப்புத் தகட்டில் கீறி ஒற்றியெடுத்த படங்கள் எல்லாம் இருந்தன. பாதிப் படங்களில் வரைந்தவன் கையெழுத்தே கிடையாது. காது மடலையும் விரல் நகத்தையும் பார்த்து, இது இன்னார் கை என்று நிபுணர்கள் சொன்னால் உண்டு. அவர்கள் சொன்னதெல்லாம் பழைய அட்டைகளில் இருந்தது. அவற்றைக் கம்ப்யூட்டரில் ஏற்றும் வேலையைப் பொறுப்பாளர் ஹெலன் இவளிடம் கொடுத்தார்.

மூன்றாம் வருஷம் 'அந்தோனியோ தி நிக்கோலோ' என்ற ஓவியனின் அட்டைகள் வந்தன. நிக்கோலோ மகன் அந்தோனியோ என்று அர்த்தம். முதல் படம் 1461, கடைசிப் படம் 1538. ஆரம்பத்தில் உறுதியான கை, கிழ வயதில் தளர்ந்த கை என்று ஒரு நிபுணர் உருகி எழுதியிருந்தார். ஷ்யாமளா கூட்டிப் பார்த்தாள். இருபது வயதில் ஆரம்பித்திருந்தாலும் தொண்ணூற்றேழு வயதில் அல்லவா மனுஷன் தூரிகை பிடித்திருக்கிறான்! அவளுக்குச் சிரிப்பு பொத்துக்கொண்டு வந்தது.

சிரிப்புக்குக் காரணம் புகுந்த வீடு. நஞ்சுண்டனின் அப்பா சுந்தரராமன், தாத்தா நஞ்சுண்டன், கொள்ளுத்தாத்தா மறுபடி சுந்தரராமன். தாத்தா பேரைப் பேரனுக்கு வைத்து வைத்து, அந்த வம்சமே இரண்டு பேரில் காலத்தை ஓட்டிவிட்டது. கல்யாணப் பத்திரிகையில் நஞ்சுண்டன் இரண்டு தடவை வருகிறதே என்று அச்சகக்காரர் ஒன்றை அடித்துவிட, மாப்பிள்ளையே இல்லாமல் முந்நூறு பத்திரிகை அச்சாகி வந்தது. இத்தாலிக்காரனும் நம்ம ஆள்தான் என்று அவளுக்குப் பட்டது. தாத்தா ஓர் அந்தோனியோ, பேரன் ஓர் அந்தோனியோ. இரண்டு பேருக்கும் அப்பன் பேர் நிக்கோலோ.

பேரை வைத்து மட்டும் ஒப்புக்கொள்ள மாட்டேன், கையைக் காட்டு என்றார் ஹெலன். நியாயம்தான். மூன்று மாதம் ஷ்யாமளா பூதக்கண்ணாடியும் கையுமாகப் படங்களைப் பார்த்தாள். முகத்துக்கு நிழல் கொடுக்க இழுத்த மெல்லிய கோடுகளில் பிடி கிடைத்தது. முதல் படங்களில் அவை வலமிருந்து இடமாகச் சரிந்து இறங்கின. 1510-க்குப் பிறகு எல்லாம் இடமிருந்து வலமாகச் சரிந்தன. வயதானால் கை நடுங்கும், ஒத்துக்கொள்கிறேன், வலக்கைக்காரன் இடக்கைக்காரன் ஆவானா என்று அவள் கேட்டாள். ஹெலன் படங்களை ஃப்ளாரன்ஸில் ஒரு பேராசிரியருக்கு அனுப்பினார். இவர்கள் இருவர்தான் என்று ஆறு வாரத்தில் பதில் வந்தது. ஷ்யாமளாவுக்கு அதில் ஆச்சரியமே இல்லை.

புதிய கேட்டலாகுக்காக நாலு பக்கக் குறிப்பு எழுதி, பதிப்பாசிரியருக்கு வீட்டிலிருந்து ஈமெயில் அனுப்பினாள். வீட்டுக்கு ஒரே ஈமெயில். அது புருஷன் பேரில். அன்றைக்கு நம்மவர் வீடுகளில் அதுதானே வழக்கம்? ஒவ்வொரு மெயிலின் அடியிலும் 'நஞ்சுண்டன், பிஎச்.டி.' என்று தானாக வந்து உட்காரும். அதை அவள் கவனிக்கவில்லை.

2007 வசந்தத்தில் புத்தகம் வந்தது. எண்பத்துநாலாம் பக்கம்: இரண்டு அந்தோனியோக்களை முதலில் பிரித்தறிந்தவர் டாக்டர் நஞ்சுண்டன். கடைசிப் பக்க நன்றியில்: தட்டச்சு உதவி, ஷ்யாமளா. கார் பார்க்கிங்கில் உட்கார்ந்து அழுதாள். துக்கம் கால்வாசி, கோபம் முக்கால்வாசி.

நஞ்சுண்டன் கெட்டவர் இல்லை. அசடு. சாப்பிடும்போது படித்துவிட்டுச் சிரித்தார்.

"விடு ஷ்யாமு. உன் பேருக்குப் பின்னாடியும் என் பேருதானே இருக்கு? ஃபேமிலிக்குத்தானே கிரெடிட்."

அவள் கரண்டியைக் கீழே வைத்தாள்.

"ஐந்நூறு வருஷமா தாத்தா தலையில கட்டியிருந்த பேரன் படத்தை நான் பிரிச்சு எடுத்தேன். அதைக் கொண்டுபோய் உங்க தலையில கட்டிட்டாங்க. நான் வாயை மூடிண்டு இருக்கணுமா?"

"ஷீ இஸ் ரைட், அப்பா" என்றாள் தீக்ஷா. நஞ்சுண்டன் தட்டை எடுத்துக்கொண்டு எழுந்தார். ரசம் கேட்கக்கூட இல்லை.

மறுநாள் ஹெலன் முகம் சிவந்து மன்னிப்புக் கேட்டார். எண்ணூறு பிரதியும் அச்சாகிவிட்டது, அடுத்த பதிப்பில் திருத்தலாம் என்றார். இதற்கு முந்திய பதிப்பு எப்போது வந்தது என்று ஷ்யாமளா விசாரித்தாள். 1962. இன்னொரு நாற்பத்தைந்து வருஷம் என்னால் காத்திருக்க முடியாது, திருத்தச் சீட்டு அடித்துக் கொடுங்கள், நானே ஒட்டுகிறேன் என்று சொல்லிவிட்டாள். 'ஒரு சிறு பிழை நேர்ந்துவிட்டது' என்று பூசி மெழுகி ஹெலன் எழுதிய வரியை அடித்துவிட்டு, வாசகத்தையும் அவளே எழுதினாள்.

சனிக்கிழமை மியூசியத்தின் கீழ்த்தளத்தில் புத்தகக் கட்டுகளைப் பிரித்து உட்கார்ந்தாள். பத்து மணிக்கு நஞ்சுண்டன் கூப்பிடாமலே வந்து, சட்டைக் கையை மடித்துக்கொண்டு எதிரில் அமர்ந்தார். ஒரு சீட்டை எடுத்துப் படித்தார்.

'பக்கம் 84: இரண்டு அந்தோனியோக்களையும் பிரித்தறிந்தவர் ஷ்யாமளா. நஞ்சுண்டன் அவருடைய கணவர்.'

இரண்டாவது வரி அவசியம்தானா என்று மெல்லக் கேட்டார்.

"இருக்கட்டும். இல்லேன்னா அந்த டாக்டர் நஞ்சுண்டன் யாருன்னு பின்னாடி எவனாவது ஆராய்ச்சி பண்ணக் கிளம்பிடுவான்."

அவர் பசையைத் தடவி, கோணாமல் ஒட்டி, அடுத்த புத்தகத்தை எடுத்தார்.