வலிக்கு முன்னால் வந்த போன்

சென்ற ஆண்டு ஐப்பசி மழையின்போது நடந்தது இது. புதுச்சத்திரம் பக்கத்தில் எங்களுக்கு முட்டைக்கோழிப் பண்ணை இருக்கிறது. எனக்குப் பெருங்குடலில் புண் வரும் நோய். ஒருமுறை ரத்தமாகவே போய், சேலத்தில் பன்னிரண்டு நாள் படுத்து, ரத்தம் ஏற்றித்தான் பிழைத்தேன்.

அதன்பின் மருத்துவர் ஓர் ஏற்பாடு செய்தார். மாதம் ஒருமுறை வீட்டிலேயே கொஞ்சம் மலத்தைச் சிறு குழாயில் கரைத்து, பரிசோதனை அட்டையில் சொட்டு விட்டு, போனில் படம் எடுத்து அனுப்ப வேண்டும். புண் கிளம்பினால், வலி வருமுன்பே அட்டையில் அளவு ஏறிக் காட்டிக்கொடுத்துவிடுமாம். அதற்கேற்ப மருந்தைக் கூட்டுவார்கள், குறைப்பார்கள். படங்களைக் கவனிக்க ஒரு நர்ஸ்.

உடம்பு தேறியதும் எனக்கு அலட்சியம் வந்துவிட்டது. அருவருப்பும்தான். படம் அனுப்புவதை நிறுத்தினேன். மாத்திரையையும் நானாகவே பாதியாக்கினேன். நர்ஸ் இரண்டு முறை அழைத்தபோதும், 'நல்லா இருக்கறனுங்க' என்று வைத்துவிட்டேன். மூன்றாம் முறை போனை எடுத்தது என் மனைவி. பேசி முடித்து நேராகக் கோழிக் கொட்டகைக்கே வந்தாள்.

"ஏனுங்க, தெனமும் கோழி எச்சத்தக் குனிஞ்சு பாத்து சீக்கு வருதான்னு சொல்றீங்க. உங்களுதப் பாக்க மட்டும் கூச்சமாக்கும்?"

அன்றே சோதித்து அனுப்பினேன். ஒரு மணி நேரத்துக்குள் நர்ஸ் அழைத்தார்.

"அண்ணா, அளவு ரொம்ப ஏறியிருக்குதுங்க. மாத்திரை சரியாப் போடறீங்களா? உண்மையச் சொல்லுங்க."

சொன்னேன். திட்டுவார் என்று காத்திருந்தேன்.

"இப்பவாச்சும் சொன்னீங்களே, போதுங்க. நாளைக்கே வாங்க, டாக்டர்கிட்ட நான் சொல்லி வெக்கறேன்."

மறுநாள் ஆஸ்பத்திரியில் குடலுக்குள் கேமராக் குழாய் விட்டுப் பார்த்ததில், பழைய இடத்திலேயே புண் கிளம்பியிருந்தது. எனக்கோ துளி வலி இல்லை. மருந்தை மாற்றி அன்றே வீட்டுக்கு அனுப்பிவிட்டார்கள்.

கிளம்புமுன் அந்த நர்ஸைத் தேடிப் போய்ப் பார்த்தேன். குரலை வைத்து வயதானவர் என நினைத்திருந்தேன். என் தங்கை வயதுகூட இருக்காது. எத்தனையோ பேர் படம் அனுப்பும்போது நான் அனுப்பாதது எப்படித் தெரிந்தது என்று கேட்டேன்.

"அனுப்பறவங்களப் பத்திக் கவலையில்லீங்ணா. அனுப்பாதவங்க பேரத்தான் தெனமும் எழுதி வெச்சுக்குவேன்."

தை முடிவதற்குள் அளவு இறங்கிவிட்டது. நான் நலமாக இருப்பதாக நம்பித் திரிந்த நாட்களில், முகம் தெரியாத ஒரு பெண் என் பேரை எழுதி வைத்துக் கவலைப்பட்டிருக்கிறார் என்பதை நினைத்தால், இன்றும் மனம் நெகிழ்ந்து தலை தாழ்கிறது.